கட்டை விரலுக்கும் ஒரு நாடி

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு நோயாளியைக் கிட்டத்தட்டச் சாகடித்துவிட்டேன். பயப்படாதீர்கள் — காகிதத்தில் மட்டும்தான்.

விஷயம் இதுதான். நாற்பத்து மூன்று வயதில், தோட்டத்துக் கம்பவுண்டர் மாதிரியான டிரஸ்ஸர் வேலைக்குப் பரீட்சை எழுத மூன்றாம் முறை போனேன். அதற்கு மேல் அனுமதி கிடையாது. தேறினால் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மருந்தகம் என் பொறுப்பு. தவறினால்? ஆயுள் முழுக்க இன்னொருவருக்குப் பஞ்சு நறுக்கிக் கொடுக்க வேண்டியதுதான். நாட்டுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்துவிட்டது. இந்தப் பரீட்சையிடமிருந்து எனக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

அன்று காலை, காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை எடுக்கும்போதே மனைவி கேட்டாள்: “ஏங்க, சட்டையத் திருப்பிப் போட்டுருக்கீங்களே, அதுக்கும் மார்க் உண்டா?”

ஆஸ்பத்திரி வார்டில், பரீட்சைக்கென்று எனக்கு ஒதுக்கிய கட்டிலில் ஓர் அக்கா. நான் பொறுப்பேற்கக் காத்திருந்த அதே தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் சீவுகிறவர், காலில் கட்டு. கால்மாட்டில் தொங்கிய அட்டையில் காலையில் நர்ஸ் எழுதியது: நாடி எழுபத்தாறு. பக்கத்தில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, பரீட்சை வைக்கும் வெள்ளைக்கார டாக்டர்.

“அக்கா, நாடியக் காட்டுங்க.”

அக்கா முகத்தை உயர்த்தி மோவாயை நீட்டினார்!

திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அங்கே நாடி என்றால் மோவாய். அது அப்போது எனக்கு உறைத்தால்தானே? தாடையிலும் ஏதாவது கோளாறோ... அட்டையில் எழுத மறந்துவிட்டார்களோ... குனிந்து பார்த்தேன். டாக்டர் பொறுமை இழந்து, தமக்குத் தெரிந்த மலாயில் “நாடி! நாடி!” என்றார். மலாயிலும் கைத்துடிப்புக்கு அதே சொல்தான். அக்கா மோவாயை இன்னும் உயர்த்தினார்.

“பல்லையும் காட்டணுமா ஐயா?”

பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு நிமிடம் எண்ணினேன். நூற்று முப்பத்திரண்டு!

அட்டையில் எழுபத்தாறு, கையில் நூற்று முப்பத்திரண்டு. அட்டை பொய்யா, நான் பொய்யா? இல்லை, அக்கா என் கண்ணெதிரிலேயே போய்க்கொண்டிருக்கிறாரா? ஆனால் அவர் கொட்டாவி அல்லவா விடுகிறார்! அட்டையைப் பார்த்து எழுதிவிடலாமா... கை வரவில்லை. நூற்று முப்பத்திரண்டு என்றே எழுதினேன்.

“இது யாருடைய நாடி?” என்றார் டாக்டர் ஆங்கிலத்தில்.

கேள்வி புரியாமலே அக்கா பதில் சொன்னார்: “என்னா ஐயா, ஒங்க கட்டை வெரலு எங் கையில இந்தக் குதி குதிக்குது! சொகமில்லாதது எனக்கா, ஒங்களுக்கா?”

கட்டை விரல்! முதல் பாடமே அதுதானே — கட்டை விரலால் நாடி பிடிக்காதே, அதற்குச் சொந்தத் துடிப்பு உண்டு. ஒரு நிமிடம் முழுக்க நான் என்னையே எண்ணியிருக்கிறேன்.

“என்னுடையது, சார்.”

டாக்டர் மூன்று விரலால் என் மணிக்கட்டைப் பிடித்தார். “எண்ணிக்கை சரி. ஆள்தான் தவறு. மறுபடி பாருங்கள்.”

பார்த்தேன். எழுபத்தெட்டு. பழையதை அடித்துவிட்டு அதை எழுதினேன்.

“அட்டையைக் காப்பியடித்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்,” என்றவர் தாளில் கையெழுத்துப் போட்டார். பாஸ்!

இப்போது ஊரில் யாரைப் பார்த்தாலும் புது நாட்டின் நாடியைப் பிடித்துச் சொல்கிறார்கள். காப்பிக் கடையில் ஒருவர் நூற்று முப்பது என்கிறார். அடுத்த மேஜைக்காரர் நின்றே போச்சு என்கிறார். எந்த விரலால் பிடித்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

அன்று வார்டை விட்டுக் கிளம்பும்முன், சந்தோஷம் தாங்காமல் அக்காவிடம் சொன்னேன்: “அடுத்த மாசத்துலேர்ந்து உங்க தோட்டத்து டிரஸ்ஸர் நான்தான்க்கா!”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். மெதுவாகத் தம் நாடியில் கை வைத்தார், திருநெல்வேலி நாடியில்.

இந்த முறை, சரியான நாடி.