பத்து நாளாக ஒரு தப்பும் இல்லை

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், அறுவைக் கருவிகளை ஆவியில் அவித்துச் சுத்தம் செய்யும் அறைக்குப் பதினோரு வருடமாகக் கறாரக்காதான் பொறுப்பு. வாய் அப்படி, பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாய் திறக்காது. தப்பு செய்தவர் சுவரில் தொங்கும் நோட்டில் தானே எழுதிவிட்டால் போதும், ஒரு சொல் சொல்ல மாட்டாள். மறைத்தவர் கதை கந்தல். கத்தரி ஒன்று குறைகிறது, தட்டு தரையில் விழுந்தது என்று கீழே வேலை செய்யும் ஏழு பேரும் எழுதுவார்கள். அது உடனே சரியாகிவிடும்.

ஒருநாள் மாற்று ஆள் வராததால் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் நின்றிருந்தாள். கண் எரிந்தது. மேலேயிருந்து அவசரம் அவசரம் என்று போன். கைக்கு அகப்பட்ட கருவித் தட்டை லிஃப்டில் ஏற்றிவிட்டாள். பிறகு பார்த்தால் அவித்த தட்டு இங்கேயே கிடக்கிறது! மேலே போனது அவிக்காதது. போன் போட்டு, நோயாளி மேல் கத்தி படுமுன் நிறுத்திவிட்டாள். சர்ஜன் திட்டியதை எழுத்தில் வைக்க முடியாது.

நோட்டை எடுத்தபோது பக்கத்திலிருந்தவள் தடுத்தாள். மெஷின் கோளாறு என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள், எதற்கு வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள் என்றாள்.

“நான் எழுதலன்னா நாளைக்கு நீ எழுதுவியா?”

எழுதினாள்.

புதிதாக வந்த மேலாளர் நோட்டைக் கேட்டு வாங்கினார். எழுதியவரைத் தண்டிப்பதில்லை என்ற வழக்கத்தை அவள் எடுத்துச் சொன்னாள். கையெழுத்தோடு இருக்கிறதே, எப்படிக் கண்டுகொள்ளாமல் விடுவது என்றார் அவர். பொறுப்பு போயிற்று. ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கையில் கழுவும் தொட்டிக்கு வந்து நின்றாள். போகட்டும் சனியன், எங்கே நின்றாலும் வேலைதானே. இனி இந்த ஏழு பேரும் எழுதுவார்களா என்பதுதான் அவளை அரித்தது.

பத்தாம் நாள் மேலாளர் கீழே இறங்கி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. எல்லோர் முன்னாலும் நோட்டை விரித்தார். வெற்றுப் பக்கம். நடவடிக்கை என்று ஒன்று எடுத்ததும் தப்பே நின்றுவிட்டது பாருங்கள் என்றார். ஒருவரும் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கறாரக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“சார், எனக்கு ஒரு ஆபரேஷன்னா இனிமே நான் இங்க படுக்க மாட்டேன். உங்க வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வந்துடாதீங்க.”