லேசான கைப்பிடி

எந்த ஐஸ்கிரீம் மெஷினைக் காட்டினாலும் ராஜமாணிக்கம் முதலில் அதன் கைப்பிடியைத்தான் இழுத்துப் பார்ப்பார். வலது கையால் ஒரு தரம். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம். விலை, கம்பெனிப் பேர், எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

தேரடி வீதியில் என் கற்பூரக் கடைக்கு அடுத்த கடை அவருடையது. ரோஸ்மில்க், சர்பத், கப் ஐஸ்கிரீம். பௌர்ணமி வந்தால் மலை சுற்றிவிட்டு வருகிற ஜனம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். பதினெட்டு வருஷமாக, கல் மாதிரி இறுகிய ஐஸ்கிரீமைக் கரண்டியால் சுரண்டி, உருண்டையாகக் கிண்ணத்தில் வைத்து நீட்டியவர் அவர்தான். மேலே ஒரு முந்திரி வைப்பார். குழந்தையென்றால் இரண்டு.

போன மாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணாமலையார் கிருபையில் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும் பாதிதான் திரும்பியது. கரண்டி நழுவித் தரையில் விழுகிற சத்தம் என் கடைவரைக்கும் கேட்கும். அதிலிருந்து அவர் மனைவி ரேணுகாம்பாள்தான் சுரண்டிப் போட்டார். விஷயம் தெரியாத பஸ் டிரைவர் ஒருவர், "இன்னா மாமா, பெரிய முதலாளி ஆயிட்டீங்களா? உங்க கையால குடுக்க மாட்டேன்றீங்க" என்றார். ராஜமாணிக்கம் சிரித்தார். வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"கல்லாவுல உக்காருங்கன்றா இவ," என்று என்னிடம் சொன்னார். "உக்காந்தா அவ்ளோதாண்ணே. அப்புறம் நான் எழுந்திருக்கவே மாட்டேன்."

வேலூரில் சாஃப்டி ஐஸ்கிரீம் சாப்பிட்டவர் யாரோ வந்து சொல்லித்தான் இந்த மெஷின் ஆசை பிடித்தது. அதில் சுரண்டுகிற வேலை இல்லை. கைப்பிடியை இழுத்தால் தானே வழிந்து கோனை நிறைத்துவிடும். மெட்ராஸுக்கு மெஷின் பார்க்கப் போனபோது, "கூடப் போய்ட்டு வாங்கண்ணே" என்று ரேணுகாம்பாள் என்னையும் அனுப்பினார்.

நாலு கடை ஏறி இறங்கினோம். கடைசிக் கடையில் இருந்தவர் பெரிய மெஷினைத் தட்டிக் காட்டினார். "பௌர்ணமிக் கூட்டம்னு சொல்றீங்க. மூணு கைப்பிடி இருக்குது, இதான் சார் தாங்கும்."

"மூணு எதுக்குப்பா? எங்கிட்ட இருக்கிறதே ஒண்ணரைக் கை."

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராஜமாணிக்கம் மூலையில் இருந்த சின்ன மெஷினிடம் போய் நின்றார். இழுத்தார். முகம் மலர்ந்தது. "கம்மியா ஊத்தினா ஊத்தட்டும். இது பூ மாதிரி வருதுண்ணே."

நானும் இழுத்துப் பார்த்தேன். பூ மாதிரிதான் வந்தது. மெஷின் காலியாக நிற்கிறதே, உள்ளே பாலை ஊற்றி உறையவிட்டு இழுத்துப் பார்ப்போம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மெஷின் வருகிறவரைக்கும் தினமும் குழாயடியில் ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து கையைப் பழக்கினார்.

பௌர்ணமியன்று காலையில் கம்பெனி மெக்கானிக் மெஷினைக் கொண்டுவந்து பொருத்திவிட்டு, முதல் வியாபாரம் வரைக்கும் கூடவே இருந்தார். சாயந்திரம் சந்தனம் குங்குமம் வைத்து, நான் கற்பூரம் காட்டினேன். கோபுரத்தைப் பார்த்து, இடது கையால் வலது கையைத் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டார். அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு முதலாவதாக நின்றாள். ராஜமாணிக்கம் இடது கையில் கோனைப் பிடித்துக்கொண்டு வலது கையால் இழுத்தார். கைப்பிடி அசையவில்லை. தோளைக் கொடுத்து இழுத்தார். ஒரு நூல் அளவு இறங்கி நின்றுவிட்டது.

"சுவிட்சு போட்டீங்களா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"உள்ள உறைஞ்சிட்டா கொஞ்சம் டைட்டாத்தான் சார் வரும். பழகிடும்," என்றார் மெக்கானிக். அவருக்குக் கை விஷயம் எதுவும் தெரியாது.

ரேணுகாம்பாள் வந்து, புருஷன் கைமேல் தன் கையை வைத்து இழுத்தார். வெள்ளையாக வழிந்தது. ராஜமாணிக்கம் கோனைச் சுழற்றி, நுனி வளைய நிறைத்து, குழந்தையிடம் நீட்டினார். அது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

"இங்க ரெண்டு குடுங்க", "இங்க நாலு" என்று கூட்டம் நெருக்கியது.

ராஜமாணிக்கம் தன் வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைப்பிடியிலிருந்து எடுத்தார். ரேணுகாம்பாளுக்கு இடம் விட்டு விலகி, கல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.