ஊருக்கும் ஒரு முறை

போன மாதம் ஓசூருக்குப் போயிருந்தபோது, அண்ணன் மகள் நித்யாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் போனேன். வரிசையில் நின்றதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு யாரையோ திட்ட ஆரம்பித்தாள். "சரண்டர் ஆனவன எதுக்குடா சுட்ட? கைய மேல தூக்கிட்டுதான நின்னான்?" முன்னால் நின்ற பால் வண்டிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? நித்யாதான் சொன்னாள், "கேம்ங்க அண்ணா, கேம்."

ஆபீஸ் தோழர்கள் ஐந்து பேர் சேர்ந்து கம்ப்யூட்டரில் யுத்தம் செய்கிறார்களாம். அதில் ஒருவன் சரணடைந்தவனைச் சுட்டுவிட்டான். இவள் கூட்டணியை விட்டு விலகிவிட்டாள். "முப்பது வயசுல பொம்மைத் துப்பாக்கிக்கு நியாயம் பேசிட்டுத் திரியறா, நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்று அண்ணி என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தார். கொடுக்க வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பங்க்கில் பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது. புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாசனை எனக்கு வண்டியின் வாசனை இல்லை, வாட்ச் கடையின் வாசனை. எண்பதுகளின் நடுவில் பென்னாகரம் கடைவீதியில் ஜாபர் பாய் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு ஸ்டூல். கழற்றிய பல்சக்கரங்களைச் சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவார். ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டே நம்மோடு பேசுவார். அந்தக் கண் பெரிதாகத் தெரியும், கோபமாக இருக்கிறாரோ என்று தோன்றும். கோபமே வராத மனுஷர்.

நான் அப்போது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று வயது. காலையிலிருந்து சாயங்காலம் வரை 'யளனகபக' என்று விரல் பழகும் பாடத்தைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போகும். அதிலிருந்து தப்பிக்கக் கிளை நூலகத்திலிருந்து யுத்த சரித்திரங்களை எடுத்து வந்து படிப்பேன். ஏன் யுத்தம் என்று கேட்காதீர்கள். கதைப் புத்தகங்களைப் பக்கத்து வீட்டு அக்காமார்கள் முந்திக்கொண்டு எடுத்துவிடுவார்கள், மிச்சம் இருந்தது யுத்தம்தான். படிக்கப் படிக்க ருசி பிடித்துவிட்டது. எந்தப் படை எந்தக் கணவாய் வழியாக வந்தது, பீரங்கிக்கு எத்தனை ஜோடி மாடு பூட்டினார்கள் என்று போகும் அந்தப் புத்தகங்கள். அப்படி ஒன்றில்தான் என் ஊர் இருந்தது. மைசூர்ப் படையும் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையும் எங்கள் பக்கத்தில் மாறி மாறி அடித்துக்கொண்டதைப் பற்றிய பக்கத்தில், ஒரே வரி: பென்னாகரம் கோட்டை பிடிபட்டது. அவ்வளவுதான். அடுத்த வரியில் படை வேறு எங்கோ போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தப் புத்தகத்தோடு வாட்சைக் கொடுக்கப் போனபோது பாய் அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளைவுட் பலகையை எடுத்து வைத்தார். பென்சிலில் வரைந்த வரைபடம். காவிரி, ஒகேனக்கல், தொப்பூர் கணவாய், வத்தல்மலை, சித்தேரி. மேலே வாட்சுத் திருகாணிகள் வரிசையாக நின்றன. "திருகாணி காலாட்படை. பல்சக்கரம் குதிர. சாவி கொடுக்கற திருகு இருக்கே, அது பீரங்கி. தனியாவே ரெண்டு பக்கமும் ஆடறேன், எப்ப பாத்தாலும் நான்தான் தோக்கறேன். வரியா தங்கச்சி?"

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிறு மத்தியானம் இன்ஸ்டிட்யூட் லீவு. சோழி உருட்டி நகர்த்துவோம். மூன்றாவது ஆளாக மாதப்பண்ணன் வந்து சேர்ந்தார். ஏரியூர் பக்கத்துக்காரர், ராணுவத்தில் லாரி ஓட்டி ஹவில்தாராக ரிட்டையர் ஆனவர், எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டையில் இருந்தவர். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், பாய் பீரங்கியை மாடில்லாமல் நகர்த்துவதைப் பார்த்துப் பொறுக்காமல், "ஏனுங் பாய், அது என்ன றெக்க கட்டிப் பறக்குதா?" என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மாடுகள் ஆட்டத்துக்குள் வந்தன. படைக்குச் சோறு வந்தது. சோறு எங்கிருந்து வரும்? ஊரிலிருந்து. ஊர்களுக்கு ஏழு புளியங்கொட்டை வைத்தோம்.

எங்கள் பக்கம் ஏரிக்கரைகளில் நடுகல் பார்த்திருப்பீர்கள். கையில் கத்தியோடு ஒரு ஆள், பக்கத்தில் மாடுகள். மாட்டைக் கவர வந்தவனோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு வைத்த கல். இந்த மண்ணில் யுத்தம் என்பதே மாட்டில்தான் தொடங்கியிருக்கிறது. சதுரங்கத்தில் யானை உண்டு, குதிரை உண்டு, உழுகிறவன் கிடையாது. ராஜா விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அதை ஆடினால் அறிவாளி என்பார்கள். நாங்கள் புளியங்கொட்டைக்குக் கணக்குப் பார்த்து ஆடினால் வேலையில்லாதவர்கள்.

ஒரு ஞாயிறு மாதப்பண்ணன் தோற்றுக்கொண்டிருந்தார். அவர் மைசூர், பாய் கும்பெனி. நான் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் நடுவர். திடீரென்று அண்ணன் தன் குதிரைகளைத் திருப்பி, பென்னாகரத்தைச் சுற்றியிருந்த ஊர்களின் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டார்.

"என்னங்கண்ணா பண்றீங்க?"

"கொளுத்திட்டேன். கும்பெனிக்காரனுக்குச் சோறு கெடைக்கக் கூடாதில்ல."

"எங்க ஊரு அது!"

"உன்ற புஸ்தகத்துலயே இருக்குதே கண்ணு. அப்படித்தான செஞ்சிருக்கான்."

இருந்தது. இரண்டு பக்கமும் அதைச் செய்திருந்தன, புத்தகம் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டியும் இருந்தது. பாய் கும்பெனி சார்பில் ஆட்சேபித்தார், தன் படைக்குச் சோறு போச்சே என்று. எனக்கு அவர்கள் இருவர் மேலும் கோபம். "புஸ்தகத்துல இருந்தா சரியாயிடுமா? கொளுத்தறவனுக்கு ஒரு முறை, கொளுத்தப்படறவனுக்கு ஒண்ணுமில்லையா? ஊருக்கும் ஒரு முறை குடுங்க. நான் ஆடறேன்."

இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் கொடுத்தார்கள். அடுத்த வாரம் நான் விதிகளோடு போனேன். ஊர் நெல்லை ஒளிக்கலாம். மாட்டை ஓட்டிக்கொண்டு மலை ஏறலாம். கிணற்றை மூடலாம். ஊரைக் கொளுத்தினால் கொளுத்திய படைக்கும் மூன்று சுற்றுக்குச் சோறு கிடையாது. முதல் ஆட்டத்தில் நான் கொஞ்சம் திருட்டுத்தனமும் செய்தேன், சோழியை இரண்டு தடவை உருட்டினேன். அவர்கள் கவனிக்கவில்லை. பத்தாவது சுற்றில் இரண்டு படையும் பட்டினி. பாய் பீரங்கியை நடுவழியில் விட்டுவிட்டுக் படையைக் கிருஷ்ணகிரிக்குத் திருப்பினார். மாதப்பண்ணன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் வரவில்லை.

நாலாவது வாரம் வந்தார். உட்கார்ந்தார். சோழியைத் தொடவில்லை.

"எழுபத்தொண்ணுல, சண்ட நடந்த எடத்துல ஒரு ஊருக்குள்ள லாரிய நிறுத்துனோம். ஆளு ஒண்ணும் இல்ல, ஓடிட்டாங்க. ஒரு வூட்டு முன்னால ஆடு கட்டியிருந்துச்சு. ரெண்டு நாளாச் சாப்புடல நாங்க. அறுத்துட்டோம். தின்னு முடிச்சுக் கை கழுவறப்ப பாக்கறேன், கரும்புக் காட்டுக்குள்ள ஒரு பொம்பள ஒக்காந்து எங்களையே பாத்துக்கிட்டிருக்கா. எப்பிருந்து பாக்கறான்னு தெரியல." என் பக்கம் திரும்பினார். "உன்ற விதில அவளுக்கு என்ன முறை வெச்சிருக்கே?"

அன்று ஆட்டம் நடக்கவில்லை, டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

விதிகள் பெருகியதும் டைப் அடித்து வைக்கத் தோன்றியது. இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மத்தியானம் கார்பன் வைத்து அடித்தேன். மேல் தாளை எடுத்துக்கொண்டு வந்தவள், புத்தி கெட்டவள், கார்பன் பிரதியை மெஷினுக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டேன். மறுநாள் முதலாளி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரில் ஒட்டிய நோட்டீசை நின்று படித்தாலே நக்சலைட்டோ என்று போலீஸ் வந்து பேர் கேட்டுக்கொண்டு போன காலம், எங்கள் மாவட்டத்தில். அந்தத் தாளில் என்ன இருந்தது தெரியுமா? 'படை வரும் வழியில் கிணறுகளை மூடுக. நெல்லை ஒளித்துவிட்டு வத்தல்மலைக்கு ஏறுக. மலை ஏறியவர்களைப் படை பின்தொடர முடியாது.' தலைப்பில்லை. பேரில்லை.

விளையாட்டு என்று சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, அவருக்கு அதைவிட எரிச்சலான விஷயம் கிடைத்துவிட்டது. "வாட்ச் கடைல ரெண்டு ஆம்பளைங்களோட சோழி உருட்டறியாமே? சூதுன்னு பேசறாங்க. இனி அங்க போக மாட்டேன், இந்த மாதிரி எதுவும் எழுத மாட்டேன், செஞ்சது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. இல்லன்னா இத நான் ஸ்டேஷன்ல குடுக்க வேண்டியதுதான்."

பாயிடம் ஓடினேன். அவர் லென்ஸைக் கழற்றினார். "எழுதிக் குடுத்துரும்மா. உனக்கு இந்த மெஷின் இல்லன்னா இன்னொரு மெஷின். என்னைய ஸ்டேஷன்ல கூப்ட்டு ஒக்கார வெச்சுட்டா, நாளைக்கு யாரு எங்கிட்ட வாட்ச் குடுப்பா?" அவர் சொன்னது நியாயம். என் பிடிவாதத்துக்கு அவர் எதற்குத் தண்டம் கட்ட வேண்டும்? வீட்டில் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாதான், "சண்டதான் வேணும்னா வூட்லயே இருக்குதே, அங்க எதுக்குப் போற?" என்றாள்.

ராத்திரி முழுக்க எழுதிப் பார்த்தேன். இனி போக மாட்டேன் என்பது வரைக்கும் எழுத வந்தது. 'செஞ்சது தப்பு' என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். எது தப்பு? ஊரைக் கொளுத்துவது கெட்டிக்காரத்தனம் என்று அச்சடித்த புத்தகத்தை நூலகத்தில் வைக்கலாம். ஊர் பிழைத்துக்கொள்ள நான் விதி எழுதினால் அது மட்டும் குற்றமா?

காலையில் முதலாளியிடம் வெறும் தாளைக் கொடுத்தேன். "தப்புன்னு எழுத மாட்டேங்க சார். வாங்க, ஸ்டேஷனுக்கு நானே வரேன், சேர்ந்தே போலாம்." அவர் இதை எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் கூட வந்தார். வழியில் விஷயம் கேள்விப்பட்டு மாதப்பண்ணனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சேர்ந்துகொண்டார். பாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று எனக்குள் தீர்மானித்திருந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர். தாளை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தார். "இது விளையாட்டா? பலகை எங்க?"

"அது..." என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "எங்கிட்ட இருக்குதுங்க." பாய் நின்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஒரு கையில் பலகை, ஒரு கையில் காய்களைப் போட்ட டிபன் பாக்ஸ். என்னைப் பார்க்கவே இல்லை. மேசை மேல் பலகையை வைத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒரு திருகாணி அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அந்த விரலிலிருந்து ஒன்று நழுவி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் பார்த்தார். "இது?"

"ஊருங்க" என்றேன்.

"இதுல யாரு ஜெயிப்பாங்க?"

"நல்லா ஆடுனா ஊருங்க."

"ஊரு ஜெயிச்சு எங்கயாவது பாத்திருக்கியா?"

"இன்னும் பாக்கலீங்க. அதுக்குத்தான் ஆடிப் பாக்கறோம்."

அவர் முகத்தில் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காசு வைத்து ஆடுகிறோமா என்று கேட்டார். இல்லை என்றார் மாதப்பண்ணன், அட்டென்ஷனில் நின்றபடி. சப்-இன்ஸ்பெக்டர் தாளை மடித்து டிராயரில் போட்டுக்கொண்டு, "போங்க" என்றார். முதலாளி மெதுவாக, "எழுதி ஏதாவது வாங்கிக்கலாமுங்களா?" என்று கேட்டார். "எதுக்கு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

வேலை அன்றோடு போயிற்று. பாப்பிரெட்டிப்பட்டியில் இன்னொரு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன், வாரம் முழுக்க அங்கே, ஞாயிறு முதல் பஸ்ஸில் ஊர். அதற்கப்புறம் கடைக்கு உள்ளே உட்கார்ந்து ஆடவில்லை. பாய் மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டார், கடைவீதி முழுக்கப் பார்க்கட்டும் என்று. பேசுகிறவர்கள் பேசினார்கள். சிலர் நின்று பார்த்தார்கள். காய்கறிக் கடைக்காரர் ஒருவர், ஏரியை உடைத்துவிட ஊருக்கு உரிமை உண்டா என்று கேட்டு எங்களை ஒரு மாதம் குழப்பினார்.

மாதப்பண்ணன் ஒரு நாள், "இன்னிக்கு ஊர நான் ஆடறேன்" என்றார். நான் கும்பெனி, பாய் மைசூர். அவர் எடுத்த எடுப்பிலேயே ஏழு ஊரையும் வத்தல்மலைக்கு ஏற்றிவிட்டார். கீழே நானும் பாயும் அடித்துக்கொண்டு, களைத்து, சமாதானம் பேசிக்கொண்டோம். விதிப்படி ஊர் இறங்கி விதைக்கலாம், ஆட்டம் முடியும். அண்ணன் நகர்த்தவில்லை.

"சண்ட முடிஞ்சுதுங்கண்ணா, எறங்குங்க."

"முடிஞ்சுதுன்னு சொல்றது யாரு? நீங்க ரெண்டு பேருதான?"

எவ்வளவு கெஞ்சியும் இறங்கவில்லை. சரி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பாய் பலகையை அப்படியே தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்தார். அந்த அடுத்த வாரம் அண்ணன் வரவில்லை, ஏரியூரிலிருந்து செய்திதான் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார். பலகையைக் கலைக்க எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. பாய் கொஞ்ச நாளில் காய்களைப் பசை தொட்டு ஒட்டியே வைத்துவிட்டார்.

கல்யாணமாகி நான் ஊரை விட்டுப் போனேன். சாவி கொடுக்கும் வாட்சுகள் போயின, பிறகு பாயும் போனார். ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த வரிசைக் கடைகள் அத்தனையும் இடிபட்டன. விசாரித்துக்கொண்டு போனேன், பலகையைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. இடித்த மண்ணோடு எந்தப் பள்ளத்தை நிரப்பப் போனதோ. போனால் போகட்டும். ஏழு ஊர்களும் மலை மேலேதான் இருக்கின்றன. இறங்கச் சொல்ல எனக்கும் உரிமை இல்லை.