ஆரம்பாக்கத்தில் நான் போட்ட கூச்சல்

ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் ரயில் நின்றுவிடுகிறது. முன்னால் தண்டவாளம் மாற்றுகிறார்கள். ஒரு மணி நேரமாக வெயிலில் வேகிறோம். பொறுக்க முடியாமல் இறங்கிப் போகிறேன். எட்டுப் பேர் புதுத் தண்டவாளத்தைக் குனிந்து பிடித்தபடி சும்மா நிற்கிறார்கள். ஆந்திர எல்லைப் பக்கம், எல்லாரும் தெலுங்கர்தான் என்ற நினைப்பில், "எத்து!" என்று கத்துகிறேன்.

இரண்டு பேர் மட்டும் தூக்குகிறார்கள். தண்டவாளம் கை நழுவி, ஒருவன் காலுக்கு ஒரு விரல்கடை தள்ளி விழுகிறது.

மேஸ்திரி என்மேல் பாய்கிறார். "யோவ், வாய மூடிக்கினு நிக்கமாட்ட? எத்துன்னா தெலுங்குக்காரனுக்குத் தூக்கு, நமக்கு ஒத, கன்னடக்காரனுக்கு மாடுன்னும் அர்த்தம். இப்டி ஒருத்தன் கத்தித்தான் என் வெரலு ரெண்டு போச்சு!" வெறும் பாதத்தைக் காட்டுகிறார்.

"அப்ப நீங்க எப்படித்தான் சொல்வீங்க?"

"சொல்றதே கெடையாது."

சுத்தியலால் தண்டவாளத்தில் ஒரு தட்டு தட்டுகிறார். எட்டுப் பேரும் ஒன்றாகத் தூக்குகிறார்கள். அடுத்த தட்டுக்கு அது கட்டைமேல் உட்காருகிறது.

தப்பு என்னுடையது. கால் தப்பியவனிடம் போகிறேன். அவன் பாஷை தெரியாததால் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவன் சிரித்தபடி, என்னை உதைப்பதுபோல் காலை ஓங்கிக் காட்டுகிறான்.

தமிழன்தான்.