யாரும் இல்லாத லயத்துக்கு ஓர் எச்சரிக்கை

இன்று காலை லுணுகலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனில் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. "மேல் பிரிவு பழைய லயத்தில் வசிப்பவர்கள் உடனடியாக வெளியேறவும்."

பக்கத்து சீட்டில் இருந்த செல்வி அக்காவுக்கும் அதே செய்தி. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தை விட்டு நாங்கள் எதிர் மலையில் கட்டிய புது வீடுகளுக்கு வந்து வருஷக்கணக்காகிறது.

"அந்த லயத்துல இப்ப ஆடுதானே கட்டியிருக்காங்க" என்றார் அக்கா. "நம்ம புது வீட்டுக் குசினிக்குப் பின்னால ராத்திரி மண்ணு சரிஞ்சிச்சே, அதுக்கு ஒண்ணும் வரலயே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. செய்தியில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். பேசிய அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர்.

"புது வீடுகள் சிஸ்டத்தில இல்லை, தங்கச்சி. ஆனா சொஃப்ட்வேரில ஒரு பிழையும் இல்லை. போட்ட நாளில இருந்து ஒருக்காலும் நிண்டதில்லை. நல்லா ஓடுறதில ஏன் கை வைக்கோணும்?"

"மலையே எடம் மாறுது சார். நாங்களும் மாறிட்டோம். உங்க சிஸ்டம் மட்டும் மாறாதுன்னா, அது யாருக்காக ஓடுது?"

மேலிடத்துக்கு எழுதித் தரச் சொன்னார்.

எழுதிய அன்று சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆட்கள் குடிமாறுவார்கள், சரிவும் இடம் மாறும். கூடவே மாறாத சொஃப்ட்வேர் ஒரு பிழையும் இல்லாமல் பொய் சொல்லும்.

அக்கா வீட்டுக்குப் போன் பண்ணி ஆடுகளை அவிழ்த்துவிடச் சொன்னார். இந்த மழைக்கு எங்கள் தோட்டத்தில் முறையாக எச்சரிக்கப்பட்டவை அவைதான்.

உங்கள் தோட்டத்தில் யாருக்கு வந்தது?