தூங்க வைத்துப் பார்த்த பிரஷர்

சலூன்காரருக்குக் கை பஞ்சு. வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் போட்டுத் தலையை அவர் பிடித்துவிட ஆரம்பித்தால், கண்ணாடியில் ஆவி படரும், நாற்காலி மெல்ல மிதந்து போவதுபோல இருக்கும். ஆயுசு முழுக்க ராத்திரிக் காவல் பார்த்த கிழவர் ஒருவருக்கு, உலகத்திலேயே தூக்கம் வருகிற ஒரே இடம் அந்த நாற்காலிதான்.

ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்காத இந்த மாதிரிக் கிழவர்களுக்காகத்தான் சுகாதார நிலையம் சலூன்காரரோடு கைகோத்தது. முடி வெட்ட வருகிறவர்களுக்கு அவரே பிரஷர் பார்க்க வேண்டும். பார்த்தார். ஒருத்தருக்குக்கூட ஏறவில்லை! பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தேகப்பட்டு ஒருநாள் நர்ஸ் பெண் வந்து உட்கார்ந்தாள். காவல்காரக் கிழவர் குறட்டை விட்டதும், சலூன்காரர் பூப்போல அவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார்.

"அண்ணே! தாலாட்டிட்டு அளந்தா எப்படிண்ணே தெரியும்? முழிச்சிருக்கும்போது பாருங்க."

"முழிச்சிருந்தா கையை இறுக்குதுன்னு பயப்படுவாரேம்மா..."

அடுத்த தடவை கிழவர் வந்தபோது, முகத்தில் துண்டு போடுவதற்கு முன்னாலேயே பார்த்தார்கள். எண் எகிறியது. என் கையாலேயே மறைத்துவிட்டேனே என்று சலூன்காரர் இடிந்துபோனார். நர்ஸ் பெண் கிழவரைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

மறுவாரமே கிழவர் முறைத்துக்கொண்டு வந்தார். தலையில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. சட்டைக்கையைத் தானே சுருட்டி நீட்டினார். பட்டை இறுகித் தளர்ந்தது.

"மாத்திரையும் போட்டாச்சு, அளந்தும் ஆச்சு. இப்பவாவது தூங்க வையேன்டா."