மஞ்சள் காமாலை என்று எழுதச் சொன்னார்கள்

எங்கள் பூண்டுக்காட்டுக்கு அமீனா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வருகிறவரை அப்படித்தான் சொல்வோம். கூடவே என் கொழுந்தன் மகன், கையில் அளக்கிற டேப்போடு. பூண்டு நட்டு மூன்று மாதம். திரள இன்னும் ஒரு மாதமாவது வேண்டும். அந்த ஈரத்தில் செருப்புக் காலோடு இறங்கினார்கள்.

"நிலம் இவருக்குன்னு தீர்ப்பாயிருச்சு ஆத்தா. அடுத்த வியாழக்கிழமை எடுத்துக் குடுக்கணும்," என்றார் அமீனா.

"அதெப்படி? மேல்கோர்ட்ல அப்பீல் போட்டுக் கெடக்கே."

"அப்ப நம்பர் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. கொழுந்தன் மகன் சிரித்தான். "பெரியம்மாவுக்குப் பஸ் நம்பரைத் தவிர வேற நம்பர் என்ன தெரியும்?"

நான் குனிந்து, அவன் செருப்பு மிதித்த பூண்டுத்தாளை நிமிர்த்தி விட்டேன். 

கீழ்க்கோர்ட்டில் தோற்றபோது, முப்பது நாளுக்குள் அப்பீல் போட்டால் போதும் என்றார் எங்கள் வக்கீலய்யா. கோடைமலையில் இருக்கிற எங்கள் போளூர் ஆட்களின் வழக்கை முப்பது வருடமாகப் பார்ப்பவர். நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் படிப்பில்லை. ஆனாலும் கோர்ட் வாசலில் யாருக்கும் குனிந்து நின்றதில்லை. வக்கீலிடம் கேள்வி கேட்பது மட்டும் எங்கள் மலையில் பழக்கமில்லை. கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். வாரம் ஒருமுறை கோடைக்கானலுக்குப் போவேன், ஒரு பிடி பூண்டை மேசையில் வைப்பேன், "எல்லாம் சரிங்களா?" என்பேன். "போட்டாச்சு ஆத்தா, தைரியமாப் போங்க," என்பார். நானும் தைரியமாகத்தான் திரும்பி வந்தேன். அந்தத் தைரியத்தில்தான் விதைப்பூண்டும் நட்டேன்.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினேன். கோர்ட்டை ஒட்டி வக்கீல் சங்கத்து அறை. அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒரு வாரமாக வரவில்லை என்றார்கள்.  சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அதில் ஒட்டியிருந்த இரண்டு தாள்கள் கண்ணில் பட்டன. ஒன்று, சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு. இன்னொன்றை மெதுவாகக் கூட்டி வாசித்தேன். 'மனச்சோர்வா? தூக்கமில்லையா? தயங்காமல் பேசுங்கள்.' நமக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று, அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சங்கத்துச் செயலாளர் ஒரு வக்கீலம்மா. ஐம்பது வயதிருக்கும். "என்னம்மா வேணும்?" என்றார்.

"பேசணும் தாயி. தாள்ல போட்டுருக்கீங்களே."

"அது வக்கீல்களுக்கும்மா."

"வக்கீலுக்கு என்ன மனச்சோர்வு? நெலம் போகப்போறது எனக்கில்ல?"

வக்கீலம்மா சிரிக்கவில்லை. என் வக்கீல் யாரென்று கேட்டார். சொன்னதும் முகம் மாறியது. கம்ப்யூட்டரில் தேடினார். என் பேரில் அப்பீல் எதுவும் இல்லை. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாங்க, அவர் வீட்டுக்குப் போவோம். நாலு நாளாக் கூப்பிடுறேன், காய்ச்சல்னு சொல்லிட்டு வச்சுடுறார்," என்றார்.

கதவு தாழிடாமல் கிடந்தது. வக்கீலய்யா மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தாடியோடு, கட்டுக்கட்டாகக் காகிதத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கும்பிட்டார். அவர் என்னைக் கும்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

"நான் போடலை ஆத்தா."

நான் ஏசினேன். வாய்க்கு வந்ததெல்லாம் ஏசினேன். "எம் பூமியக் கொன்னுட்டு, போட்டாச்சு போட்டாச்சுன்னு எம் பூண்டவுமில்ல வாங்கி வச்சீங்க!" அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியதும்தான் பேசினார்.

இப்போது எல்லா மனுவையும் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டுமாம். அவருடைய பழைய குமாஸ்தா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு நாள் போனாராம். அவரிடம் தொழில் பழகினவரே சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார். திரையில் அம்புக்குறி எங்கே என்று இவர் தேட, பின்னால் யாரோ சிரித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் போகவில்லை. என் அப்பீலைத் தானாகவே நாலு தடவை போட்டுப் பார்த்து, நாலு தடவையும் திரும்பி வந்திருக்கிறது. முப்பது நாள் ஓடிவிட்டது. என் ஒருத்தியினுடையது மட்டுமல்ல, இன்னும் சில வழக்குக் கட்டுகளும் அப்படியே.

"ஒவ்வொரு வாரமும் நீங்க வந்து நிக்கிறப்ப சொல்லிடலாம்னு நெனைப்பேன். வாய் வராது." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப ஏரிப் பக்கம் தனியா நடக்கவே பயமா இருக்கு," என்றார்.

வக்கீலம்மா சட்டென்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் பயப்படுவது தன்னை நினைத்தே என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஏசின வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என்றாலும் கோபம் போனது என்று சொன்னால் பொய். நிலம் நிலம்தான்.

அவரைத் தனியாக விடாமல் சங்கத்துக்கே கூட்டி வந்தோம். அவருடைய மற்ற கட்டுகளை வேறு வக்கீல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார் வக்கீலம்மா. மறுநாளைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கினார். பிறகு என் மனுவுக்கு உட்கார்ந்தார். முப்பது நாள் தாண்டியும் அப்பீலை ஏற்கச் சொல்லும் மனு, அதில் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும்.

"உங்களுக்கு மஞ்சள் காமாலைன்னு போட்டுரலாம்மா. எல்லாரும் அதான் போடுவாங்க."

"எனக்கா? புள்ள பெத்த நாளத் தவிர நான் படுத்ததே இல்ல தாயி."

"எழுதுறதுதானம்மா."

"தெனமும் நான் மம்பட்டி பிடிக்கிறத எங் கொழுந்தன் மகன் போனுல படம் பிடிச்சு வச்சிருக்கான். கோர்ட்டுல காட்டினா என் மூஞ்சிய எங்க வைக்க?"

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்தினார். வேறு காரணம் ஒன்றுதான் இருந்தது. அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதை எழுதினால் எல்லா வக்கீலுக்கும் முன்னால் படிப்பார்கள். எழுதாவிட்டால் என் காடு போகும். ஏரியைப் பற்றி அவர் சொன்னது என் காதிலேயே நின்றது. காமாலை என்றே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உள்ளதை எழுதுங்க," என்றார் வக்கீலய்யா. "நானே கையெழுத்துப் போடுறேன்."

"அய்யா, படிக்கிறப்ப சிரிப்பாங்க," என்றேன்.

"சிரிக்கட்டும் ஆத்தா. ஏற்கெனவே சிரிச்சாச்சு."

மனுவுக்கு வெள்ளிக்கிழமை நம்பர் விழுந்தது. திங்கட்கிழமை எடுத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அவர் எழுதிக்கொடுத்ததை உரக்கப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை போல இருந்தது, அப்படி ஒரு அமைதி. வக்கீலய்யா கடைசி வரை நின்றார். வக்கீலம்மா அவர் தோளை ஒட்டி நின்றார். எதிர்த்தரப்பு பதில் போடட்டும், அதுவரை நிலத்தை எடுக்கத் தடை கிடையாது என்றார் நீதிபதி. மூன்று வாரம் தள்ளி வாய்தா.

வியாழக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. செவ்வாயும் புதனும் காட்டில் குனிந்து பூண்டைப் பிடுங்கினேன். ஒன்றும் திரளவில்லை. வெங்காயத்தாள் மாதிரி, அடியில் சுண்டுவிரல் நுனி அளவு வெள்ளை. விதைக்கும் ஆகாது, விற்கவும் ஆகாது. ஆனாலும் அவன் கையால் பிடுங்கக் கூடாது என்று சரிவில் வெட்டின கடைசிப் படி வரைக்கும் பிடுங்கினேன். வியாழக்கிழமை அமீனா வந்தபோது காடு வெறும் மண்ணாகக் கிடந்தது. நிலத்தை ஒப்படைக்கிற காகிதத்தில் அவர் காட்டின இடத்தில் முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மேலே ஏறி வந்தேன்.